புளியறை இருந்த கடற்கரை நாடு



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை எல்லாம் முடித்துவிட்டு சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பேசுகிறவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள்தானே நீங்கள். பொறுத்துக்கொள்வீர்கள்.

போன வாரம் செஷல்ஸ் நாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். படமும் அனுப்பியிருந்தான். பச்சை மலை, தென்னை, மழை, சுற்றிலும் கடல். "சின்ன நாடு சார். நம்ம தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் எல்லாத்தையும் சேர்த்தா இந்த நாட்டு ஜனத்தொகையை விட அதிகம் வந்துரும். ஆனா தனிக்கொடி, தனிப்பணம், தனி ஸ்டாம்பு எல்லாம் உண்டு. நீங்க ஒரு தடவை வெளிநாடு வாங்க சார். இதுவரை போனதே இல்லைல்லா?" என்றான்.

போனது இல்லை, உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி எல்லோருமே அப்படி ஒரு நாட்டில் வாழ்ந்தவர்கள். மலை, தென்னை, மழை, கடற்கரை, தனிக்கொடி, தனிப்பணம், தனி ஸ்டாம்பு எல்லாம் உள்ள நாடு. அதற்காக அவர்கள் கப்பல் ஏறவில்லை. புளியறையில் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்டைப் பற்றி அவனுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், சிக்னல் போய்விட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதே "பார்டர் பரோட்டா எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார்கள். செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர் என்று கை காட்டுவோம். அங்கே எந்த பார்டர் இருக்கிறது? கேரள எல்லைக்குப் போக வேண்டுமென்றால் செங்கோட்டையைத் தாண்டி, புளியறையைத் தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் வரை போக வேண்டும். பிரானூரில் நின்றால் நாலு பக்கமும் தமிழ்நாடுதான். பிறகு ஏன் பார்டர்?

1956 அக்டோபர் 31 வரை அங்கே எல்லை இருந்தது. கிழக்கே தென்காசி, இலஞ்சி, குற்றாலம் எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா, பிற்பாடு மெட்ராஸ் ராஜ்யம். மேற்கே செங்கோட்டை, புளியறை எல்லாம் திருவிதாங்கூர். எல்லை மலை மேல் போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. பெயர் மட்டும் பரோட்டாக் கல்லோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

திருவிதாங்கூரின் பரப்பு சுமார் 7,600 சதுர மைல். இன்றைய குவைத்தை விடப் பெரிது. 1941 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 60 லட்சத்துக்கும் கொஞ்சம் கூடுதல். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே நீண்டு கிடந்த கடற்கரை ராஜ்யம் அது. கொல்லம், ஆலப்புழை போன்ற துறைமுகங்கள் இருந்தன. அதன் கிழக்கு மூலையில், மலையைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டிய ஒரு கைதான் செங்கோட்டைத் தாலுகா. நமக்கும் அந்தக் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் எங்கள் ஆச்சி சாகிற வரை கடலைப் பார்த்ததில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றையும் சாரலையும்தான் பார்த்தாள். அது அந்தக் கடலிலிருந்து கிளம்பி வருவது என்று நான் பாடப்புத்தகத்தைக் காட்டிச் சொன்னபோது, "அப்ப கடல்தாம்லே நம்மளப் பாக்க வந்துட்டுப் போகுது" என்றாள்.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் அந்த நாட்டுக்குள் எப்படிப் போனது? பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கோட்டைப் பகுதி, கொட்டாரக்கரையைத் தலைமையாகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிறு ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா பக்கத்துச் சிறு ராஜ்யங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். மிளகு வியாபாரத்துக்காகக் கொச்சியில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1741இல் இளையிடத்து அரசிக்குத் துணை நின்று அவரை மறுபடி பட்டத்தில் அமர்த்தினார்கள். மார்த்தாண்ட வர்மா படையெடுத்து வந்து அந்த ராஜ்யத்தையே தன்னோடு இணைத்துக்கொண்டார். அதே 1741இல்தான் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை தோற்றது. அங்கே பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்கே அர்ப்பணம் செய்து, தான் சுவாமியின் தாசனாக ஆள்வதாக அறிவித்தார். ஆக, மிளகுக்காக நடந்த ஒரு சண்டையில் புளியறை வயல்களும் பத்மநாபன் கணக்கில் ஏறின. இங்கே உழுதுகொண்டிருந்தவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி அந்த நாட்டில் வாழ்வது எப்படி இருந்தது என்று பார்ப்போம். இதில் பாதி நான் படித்தது, பாதி வீட்டில் கேட்டது.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். கணக்கில் பயந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அதாவது திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28 சக்கரம் 8 காசு கிடைக்கும். அந்த எட்டுக் காசில்தான் எல்லைக் கடைக்காரர்கள் பிழைத்தார்கள் என்பார் அப்பா. வெள்ளிச் சக்கரம் மிளகு விதையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். விரலால் எண்ணி மாளாது. அதற்கென்று குழிகள் செதுக்கிய மரப்பலகை உண்டு. பலகையில் காசை வாரி இறைத்து ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். நிறைந்ததும் எண்ணிக்கை சரி. எங்கள் தாத்தா கடையில் இருந்த பலகையை நாங்கள் பல்லாங்குழி என்று நினைத்து விளையாடி உடைத்தோம்.

தபாலும் தனி. அதற்குப் பெயர் அஞ்சல். சங்கு முத்திரை போட்ட ஸ்டாம்பு. மணி கட்டிய கோலோடு அஞ்சல்காரர் ஓடி வருவார். 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க அஞ்சல் நிலையம் என்று பலகை தொங்குகிறது. நம் ஊர்க்காரருக்கு அது பாட்டன் காலத்துச் சொல்.

வரி கட்டினால் கரம், கிராம அதிகாரி பார்வத்தியக்காரர், வீடும் தோட்டமும் உள்ள இடம் புரையிடம், அளக்கிறது பறையும் இடங்கழியும். கச்சேரிக் காகிதங்கள் மலையாளத்தில். பேச்சு தமிழ், கடவுளிடம் வேண்டுவது தமிழ், சண்டை தமிழ். அப்பா பள்ளிக்கூடத்தில் மகாராஜாவுக்காக வஞ்சீச மங்களம் பாடியிருக்கிறார். தொண்ணூறு வயதிலும் அந்தப் பாட்டு அவருக்கு மறக்கவில்லை. அர்த்தம் கேட்டால் சிரிப்பார்.

அம்மாவுக்கு இலஞ்சி. கல்யாணம் 1943இல். இலஞ்சியிலிருந்து புளியறைக்கு மாட்டு வண்டியில் வந்தால் ஒரு அரைநாள் பயணம். அதற்குள் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வந்தாகிவிட்டது. எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, "புகையிலை உண்டா, உப்பு உண்டா" என்று கேட்டார்களாம். 1865இல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் ஒப்பந்தம் போட்டு, தரைவழி வியாபாரத்துக்கு இருந்த சுங்கத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டன. திவான் மாதவராவ் காலம் அது. ஆனாலும் புகையிலை, உப்பு போன்ற சில சரக்குகளை அரசாங்கம் விடவில்லை. கல்யாணப் பெண்ணின் தாம்பாளத்தில் வெற்றிலையோடு இருந்த புகையிலையைப் பாட்டி மடியில் மறைத்துக்கொண்டு கும்பிட்டபடி வந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தின் முதல் கள்ளக்கடத்தல் அதுதான். இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியப்பாவுக்குப் புனலூரில் காட்டிலாகாவில் எழுத்தர் வேலை. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்ததால் அதெல்லாம் சாத்தியமானது. நமக்குப் பக்கத்து ஸ்டேஷன் பகவதிபுரம். அங்கிருந்து வண்டி கிளம்பினால் மலைக்குள் குகை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, பிறகு கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம், தென்மலை, புனலூர். கிழக்கேயிருந்து நெல்லும் துணியும் மாடும் போகும். மேற்கேயிருந்து தேங்காயும் கருவாடும் பாக்கும் மரச்சீனியும் வரும். பெரியப்பா வேலை பார்த்த அதே இலாகாவில், அதே புனலூரில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதனும் வேலை பார்த்தார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டாரே, அந்த வாஞ்சி. பாடம் நடத்தும்போது ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். வாஞ்சி திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. தான் சார்ந்த ராஜ்யத்தைத் தாண்டி, இந்தியா முழுவதையும் தன் நாடாக நினைத்ததால்தான் எல்லை கடந்து போனார். மேடையில் கணீரென்று பாடி, இருபத்தேழு வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் செங்கோட்டையில் பிறந்தவர்தான். அவரும் கணக்குப்படி அந்தக் கடற்கரை நாட்டுக்காரர்.

அந்த நாட்டில் வாழ்ந்ததால் நமக்கு என்ன கிடைத்தது? இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

1936 நவம்பர் 12. சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களுக்குள் எந்தச் சாதியில் பிறந்த இந்துவும் போகலாம் என்றது சட்டம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறையில் கிடந்தார். அதே நாட்டில்தான் இந்தப் பிரகடனம். கிழக்கே மெட்ராஸ் மாகாணத்தில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அதை ஒட்டித்தான் அங்கே சட்டமும் வந்தது. ஆக, இரண்டரை வருஷத்துக்கும் மேலாகப் பிரானூருக்கு மேற்கே ஒரு நியாயம், கிழக்கே ஒரு நியாயம்.

எங்கள் வயலில் நாற்று நட்ட ஒரு மூதாட்டி எனக்கு இதைச் சொன்னாள். "செங்கோட்டைப் பக்கம் நான் சாமியை உள்ள போய்ப் பாத்துட்டேன். தென்காசிப் பக்கம் கட்டிக்கொடுத்த எங்க அக்கா வெளியவே நின்னா. ஒரே வயித்துல பொறந்தவதான அவளும்." இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிரகடனம் வந்த பிறகு எங்கள் தாத்தா ஒரு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. கோபம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். வரலாறு வாத்தியார் தன் வீட்டு வரலாற்றை மட்டும் அழித்துவிட்டு எழுதினால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சட்டம் வந்தும் டீக்கடைக் கிளாஸ் பல வருஷம் தனியாகத்தான் தொங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1947க்கு வருவோம். செஷல்ஸ் மாணவன் கேட்க வேண்டிய இடம் இது.

1947 ஜூன் 11ஆம் தேதி திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வெள்ளைக்காரர் போன பிறகு திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராது, தனி நாடாக இருக்கும் என்று. விளையாட்டு இல்லை. துறைமுகம், ரப்பர், தேயிலை, மிளகு எல்லாம் கையில் இருந்தன. மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணலில் அணுசக்திக்கு வேண்டிய தோரியம் இருக்கிறது என்று உலகமே கண் வைத்திருந்தது. ஆனால் மக்கள் ஒப்பவில்லை. ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவில் திவானை வெட்டினார்கள். உயிர் தப்பினார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார்.

அந்த ஆறேழு வாரங்களில் நடந்தது வேறு மாதிரி முடிந்திருந்தால்? பிரானூரில் பரோட்டாக் கடை இருக்கிற இடத்தில் பாஸ்போர்ட் ஆபீஸ். அம்மா தாய்வீட்டுக்குப் போக விசா. தென்காசி சந்தைக்குப் போனால் அந்நியச் செலாவணி. குற்றாலத்தில் குளிக்கப் போனால் வெளிநாட்டுச் சுற்றுலா. அம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தீபாவளிச் சீர் கொண்டாந்தா அதுக்கும் வரி போட்டிருப்பானுவோ" என்றாள்.

மகாராஜாவே குளிக்கக் குற்றாலத்துக்குத்தான் வருவார். அங்கே அவருக்கு அரண்மனை உண்டு. அந்த அரண்மனை இன்றும் கேரள அரசின் சொத்து. இவர்கள் இடம் அங்கே, அவர்கள் இடம் இங்கே என்று எல்லை எப்போதும் கொஞ்சம் சிந்தித்தான் கிடந்தது.

1949 ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. நான் பிறந்தது 1951இல், அந்தத் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில். அதற்குள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் வலுத்துவிட்டது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. செங்கோட்டையில் கரையாளர் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பக்கம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கச்சேரிக்குப் போனால் தன் தாய்மொழியில் மனு கொடுக்க முடியவில்லை என்பது சின்ன விஷயமா? அப்பா எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஆனாலும் தாலுகா ஆபீசில் யாரையாவது கெஞ்சித்தான் தன் காகிதத்தைப் படித்துக்கொள்வார். "படிச்சவன் குருடன் மாதிரி நிப்பான்" என்று அவர் சொன்னதில்தான் அந்தப் போராட்டத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை 1955இல் வந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆரியங்காவும் காடும் மலையும் கேரளத்தோடு நின்றன. எனக்கு அப்போது ஐந்து வயது. செங்கோட்டையில் வேட்டுச் சத்தம் கேட்டதும், அப்பா மிட்டாய் வாங்கி வந்ததும் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் அதே வீடு, அதே கிணறு, அதே மாடு. நாடு மட்டும் வேறு.

பெரியப்பா புனலூரிலேயே நின்றுவிட்டார். வேலை அங்கே, வீடு அங்கே, பிள்ளைகள் படிப்பது அங்கே. அண்ணனும் தம்பியும் ஒரே நாட்டில் பிறந்து, சண்டை இல்லாமல், பாகப்பிரிவினை இல்லாமல் இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள்.

முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, 1960களின் நடுவில், உணவுத் தட்டுப்பாடு. அரிசி மாநிலம் விட்டு மாநிலம் போகக் கூடாது என்று தடை. கேரளத்தில் அரிசிக்குப் பஞ்சம். பெரியப்பா வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனி என்று கடிதம் வந்தது. அம்மா ஓணத்துக்கு நாலு படி அரிசியைத் துணிப்பையில் கட்டி, மேலே முருங்கைக்காயைப் பரப்பிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எல்லையில் பையைத் தட்டிப் பார்த்தார்கள். அரிசியைக் கொட்ட வைத்தார்கள். அந்தக் காவலருக்கும் அது கட்டளை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா திரும்பி நடக்கும்போது சொன்னது காதில் இருக்கிறது. "வெள்ளைக்காரன் தேசத்துலேர்ந்து மகாராஜா தேசத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன், புகையிலை உண்டான்னுதான் கேட்டான். இப்ப ஒரே தேசங்கான். அரிசியக் கொட்டச் சொல்லுதான்." நான் சொன்ன இரண்டாவது கடத்தல் இதுதான். தோற்றுப்போன கடத்தல்.

அடுத்தது நிலம். 1970களில் எங்கள் வயல் வரப்பில் ஒரு தகராறு. ஆதாரம் எங்கே என்றார்கள். தகரப்பெட்டியில் ஆதாரம் இருந்தது, மலையாளத்தில். பழைய கணக்கில் தண்டப்பேர், புரையிடம் என்று இருப்பது புதுக் கணக்கில் வேறு பெயரில் இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. அப்பா பெட்டியோடு ரயிலேறிப் புனலூர் போனார். பெரியப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வயல் எங்களிடம் நின்றது. அந்த வயல் நெல்லை விற்றுத்தான் நான் வாத்தியார் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். உங்களுக்கு நான் பாடம் நடத்தியதற்குப் பின்னால் பெரியப்பாவின் ஒரு ராத்திரித் தூக்கம் இருக்கிறது.

2010இல் அகலப்பாதை வேலைக்காகப் புனலூர் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி முழுதாக ஓடியது 2018இல். எட்டு வருஷம் சின்ன இடைவெளி இல்லை. அதற்குள் அத்தைமார் போய்விட்டார்கள், மதினிக்கு முழங்கால் போய்விட்டது. வருஷத்துக்கு நாலு தரம் வந்துபோனவர்கள் கல்யாணத்துக்கு மட்டும் வருகிறவர்கள் ஆனோம். 2020இல் ஊரடங்கு. பெரியப்பாவின் மூத்த மகன், எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அண்ணன், புனலூரில் இறந்துபோனார். இங்கே ஒரு பாஸ், அங்கே ஒரு பாஸ், இரண்டும் வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புளியறையிலிருந்து புனலூர் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. போனில்தான் முகம் பார்த்தேன்.

அதே வருஷம் மார்கழியில் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணம் வருஷா வருஷம் புனலூரிலிருந்து கிளம்பி, ஆரியங்காவு தாண்டி, நம் ஊர் வழியாகச் செங்கோட்டை, தென்காசி வந்துதான் மறுபடி மலையேறி அச்சன்கோவிலுக்குப் போகும். கேரளத்தில் கிளம்பிக் கேரளத்துக்கே போகிற சுவாமி நகை, நடுவில் தமிழ்நாட்டில் மாலை வாங்கிக்கொள்கிறது. ஆரியங்காவில் சாஸ்தாவுக்குக் கல்யாணம் என்றால் பெண்வீட்டார் மதுரைச் சௌராஷ்டிரர்கள். அந்தச் சீர் வரிசை இன்னும் நிற்கவில்லை. சுவாமி காரியத்தில் விடாமல் பிடித்திருக்கிற வழியை நாம் குடும்பக் காரியத்தில் விட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அதனால் போன வருஷம் ஒரு வேலை தொடங்கினேன். தகரப்பெட்டியில் மிச்சம் இருந்த மலையாளக் காகிதங்களைப் படமெடுத்து, அந்த அண்ணனின் பேரனுக்கு அனுப்பினேன். கல்லூரியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், படிக்க வராது. எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் அவன் சத்தமாக வாசிப்பான், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். அவனுக்குப் புரியாத பழைய சொல் வந்தால் நான் சொல்வேன், "தம்பி, புரையிடம்னா வீட்டை ஒட்டின தோட்டம்" என்று. எனக்குப் புரியாதது அவனுக்குத் தெரியும். அவனுடைய கண்ணும் என் காதும் சேர்ந்தால் ஒரு பெரியப்பா ஆகிறது.

இதுவரை பதினொரு காகிதம் முடிந்திருக்கிறது. கரம் கட்டிய ரசீதுகள், ஓர் ஒற்றி, ஒரு பாகப்பத்திரம். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் கொள்ளுப்பாட்டி பெயர் அதில்தான் கிடைத்தது. அது இதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

திருவிதாங்கூர் நல்ல நாடா, தமிழ்நாட்டோடு சேர்ந்தது நல்லதா என்று கேட்டால், சேர்ந்தது சரி என்றுதான் சொல்வேன். அப்பா தன் காகிதத்தைத் தானே படிக்கிற உரிமை அதில் கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய நாட்டில் வாழ்ந்ததும் நம் வரலாறுதான். புளியறை இதுவரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, மெட்ராஸ், தமிழ்நாடு என்று முகவரி மாற்றிவிட்டது. 2019இல் மாவட்டமும் மாறித் தென்காசி ஆனது. இன்னும் மாறினாலும் ஆச்சரியமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களை நாமும், நம்மை அவர்களும் அந்நியராகப் பார்க்கத் தொடங்கினால்தான் தவறு.

ஆகவே ஒரு வேண்டுகோள். செங்கோட்டை, புளியறை, கட்டளைக்குடியிருப்பு, கேசவபுரம் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதில் படிக்க முடியாத எழுத்தில் காகிதம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரனும் நானும் சும்மாதான் இருக்கிறோம்.

புனலூர்ச் சொந்தங்களுக்கு: இதை யாராவது தமிழ் தெரிந்தவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மதினி, இந்த ஓணத்துக்கு நான் வருகிறேன். அரிசி கொண்டுவருவேன். இப்போது யாரும் கொட்டச் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் சார்
புளியறை